வண்டி தூங்கிய நேரம்

மாமாவின் வண்டியிலிருந்து இறக்கிய பால் முழுவதையும் கடையின் பின்பக்கச் சாக்கடையில் கொட்டிவிட்டார்கள் என்ற செய்தி எனக்கு முதலில் ஒரு எண்ணாகத்தான் வந்தது. அறுநூற்று நாற்பது லிட்டர். திங்கட்கிழமை காலை, கடைகளிலிருந்து வரும் கழிவுப் பட்டியலில் பதினேழாம் எண் கடைக்கு நேராக அது இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் வண்டி எண். அதை இரண்டு முறை படித்தேன். என் அக்கா கணவர் ஆறு வருடமாக ஓட்டுகிற வண்டி.

கழிவுப் பட்டியலை நான் திறப்பதே இல்லை. அது கடைகளைக் கவனிக்கிற பிரிவின் வேலை. என் வேலை புகை. நாற்பத்தொரு கடைகளுக்கும் எங்கள் கிடங்கிலிருந்துதான் பொருள் போகிறது. வண்டியில் ஏறியதிலிருந்து கடைத் தட்டில் உட்காரும் வரை எவ்வளவு டீசல் எரிகிறது, எவ்வளவு அட்டையும் பிளாஸ்டிக் உறையும் குப்பையாகின்றன என்று அளந்து, குறைக்க வழி சொல்ல வேண்டும். அன்று அந்தப் பட்டியலைத் திறந்ததற்குக் காரணம், மேலாளர் போனில் கூப்பிட்டு, "உங்க சொந்தக்காரர் விஷயம். கழிவு லிஸ்ட்டை ஒரு தடவை பார்த்துடுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டதுதான்.

ஐந்து மாதங்களுக்கு முன் நான் ஒரு முறையைக் கொண்டுவந்திருந்தேன். வாரம் முழுவதும் ஒரு வண்டி குடித்த டீசலை, அது சுமந்த பெட்டிகளோடும் ஓடிய தூரத்தோடும் ஒப்பிட்டு ஒரு மதிப்பெண். குறைவாகக் குடித்த ஐந்து வண்டிகளின் ஓட்டுநர்களுக்கு, வாயில் பலகையில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் காகித இலை. வேறு பரிசு எதுவும் கிடையாது. ஆனாலும் வளர்ந்த ஆண்கள் அந்த இலைக்காக வெள்ளிக்கிழமை மாலை பலகை முன்னால் வந்து நின்றார்கள். எனக்கு 'இலை டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள்.

"டீச்சர், என் வண்டி இந்த வாரம் பட்டினி கிடந்துச்சு. இலை வரலைன்னா நானே மரம் ஏறிப் பறிச்சுக்குவேன், பார்த்துக்குங்க" என்பார் ஓர் ஓட்டுநர். வாய் ஓயாமல் பேசுவதால் அவரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள்.

மாமா எதுவும் கேட்க மாட்டார். பலகையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் பதினொரு வாரம் தொடர்ந்து இலை வாங்கியவர் அவர் ஒருவர்தான். "என்னடி, உங்க மாமா இந்த வயசுல கிளாஸ்ல ஃபர்ஸ்டாமே" என்று அக்கா போனில் கேட்டபோதுதான், அவர் அதை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது.

நூறு லிட்டர் எரிந்த இடத்தில் எண்பத்தொன்பது லிட்டர் என்று ஆயிற்று. தலைமையகத்தில் பாராட்டினார்கள். இதே முறையை இன்னும் ஆறு கிடங்குகளுக்குக் கொண்டுபோக என்னை அங்கேயே கூப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னார்கள். அடுத்த மாதம் நான் கிளம்ப வேண்டும். அந்த நாற்காலிக்காக எத்தனை வருடம் படித்தேன், எத்தனை தேர்வு எழுதினேன் என்பது அக்காவுக்கும் மாமாவுக்கும் தெரியும். அவர்கள் வீட்டில் தங்கித்தான் படித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் கேட்டிருக்கிறேன்.

"எப்படித்தான் மிச்சம் பிடிக்கிறீங்க மாமா? மத்தவங்களுக்கும் சொல்லிக் குடுங்களேன்."

அவர் தட்டைப் பார்த்தபடியே, "கடைவாசல்ல வரிசையில நிக்கும்போது வண்டியைத் தூங்க வைச்சுடுவேன்மா. அதுவும் பாவம், எவ்வளவு நேரம்தான் உறுமும்" என்றார்.

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்துவிட்டு நான் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். எங்கள் குளிர் வண்டிகளில் குளிரூட்டிக்குத் தனி எஞ்சின் கிடையாது. வண்டியின் எஞ்சின்தான் அதையும் சுழற்றுகிறது. அணைத்தால் குளிரும் நின்றுவிடும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்த இரண்டு விஷயங்கள் மனதில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் எத்தனை காலம் இருக்க முடியும் என்பதை நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன்.

புதன்கிழமை விசாரணை. மேலாளரின் அறையில் மேலாளர், மாமா, ஓரத்தில் வண்டிப் பதிவுகளோடு நான். மாமா சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவர் அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை.

"ஒரு மணி ஐம்பது நிமிஷம் எஞ்சின் ஆஃப்ல இருந்திருக்கு. உள்ள பால். எதுக்கு அணைச்சீங்க?"

மாமா மேசை விளிம்பைப் பார்த்தார். "மறந்துட்டேன் சார்."

"ரெண்டு மணி நேரமாவா?"

"கண்ணு அசந்துடுச்சு."

"எறக்கும்போது நீங்க குடுத்த சீட்டுல நாலு டிகிரின்னு அடிச்சிருக்கு. பால் வெதுவெதுன்னு இருந்துச்சாம். அது எப்படி?"

மாமா சட்டையின் மேல் பொத்தானைத் தடவினார். மேலாளர் ஒப்பந்தத்தைத் திருப்பி, குளிர்ச் சரக்கு இருக்கும்போது எஞ்சினை அணைக்கக் கூடாது என்ற வரியின் கீழே விரலை வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாக அனுப்பிவிட்டார். முடிவு என்ன என்பது அந்த அறையிலேயே தெரிந்துவிட்டது. வேலையிலிருந்து நீக்கம்; காரணம் பணிச் சான்றிதழில் எழுதப்படும். அப்படி எழுதிய சான்றிதழோடு எந்தக் கிடங்கு வாசலிலும் போய் நிற்க முடியாது. மாமாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதற்கும் அவர் கை பழகியதில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. என் முறைக்கே கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டாரே என்ற கோபம். வெளியே போகும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதை நான் குற்ற உணர்வு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ரேடியோ என் அறை வாசலில் வந்து நின்றார். பேசவில்லை. அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

"என்னண்ணே?"

"ஒரு நிமிஷம் கீழ வர்றீங்களா டீச்சர்?"

ஓட்டுநர்களின் ஓய்வறைக்கு நான் அதுவரை போனதில்லை. இரண்டு நீள பெஞ்சுகள். ஆணிகளில் தொங்கும் ஈர மேல்சட்டைகள். டீசலும் காய்ந்த வியர்வையும் கலந்த வாடை. அவர் கதவைச் சாத்தினார். கதவின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மூலைகள் சுருண்டு, நடுவில் யாரோ டீக்கோப்பையை வைத்த வட்டக் கறையோடு. என் சுற்றறிக்கை.

எரிபொருள் சிக்கனம், எல்லா ஓட்டுநர்களின் கவனத்துக்கும். மூன்றாவது வரி: கடைவாசலில் ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால் எஞ்சினை அணைக்கவும்.

"இது யார் கையெழுத்து டீச்சர்?"

"என்னோடது."

சோப்பும் பிஸ்கட்டும் காகிதமும் ஏற்றிப் போகிற சாதாரண வண்டிகள் எங்களிடம் ஐம்பதுக்கு மேல் உண்டு. அவற்றை நினைத்துத்தான் அதை எழுதினேன். 'குளிர் வண்டிகள் நீங்கலாக' என்று மூன்று சொற்கள் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அவை எனக்குத் தோன்றவே இல்லை.

"நேத்து உள்ள அவரு இதைச் சொன்னாரா?"

"இல்ல."

"சொல்ல மாட்டாரு. மச்சினிச்சி பேரு வெளிய வரும்ல."

"நீங்க யாராவது வந்து சொல்லியிருக்கலாமே அண்ணே."

ரேடியோ பெஞ்சில் உட்கார்ந்தார். "என்னன்னு வந்து சொல்றது? நாங்களும் அணைக்கிறோம் சார்னு வரிசையா வந்து நிக்கவா? இருபத்திரண்டு குளிர் வண்டியும்தான் தூங்குது டீச்சர். பழைய பேப்பர் அணைக்காதேங்குது, புதுப் பேப்பர் அணைங்குது. எதைக் கேட்டா பலகையில பேரு வருதோ அதைக் கேட்டோம். மாட்டினது அவரு ஒருத்தரு."

மாடிக்குப் போய்க் கழிவுப் பட்டியலின் ஐந்து மாதத் தாள்களையும் எடுத்தேன். என் டீசல் வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். வண்டிகள் அணைந்து நின்ற நேரத்துக்கு நான் ஒரு தனிக் கோடு போட்டிருந்தேன். மாதா மாதம் ஏறிக்கொண்டே போகிற கோடு. தலைமையகத்தில் அதைத் திரையில் காட்டியபோதுதான் கைதட்டினார்கள். பாலும் தயிரும் கெட்டு வீணான கோடும் அதே மாதத்தில் கிளம்பி அதே சாய்வில் ஏறியிருந்தது. மிச்சம் பிடித்த ஒவ்வொரு லிட்டர் டீசலுக்கும் கிட்டத்தட்ட நான்கு லிட்டர் பால் சாக்கடைக்குப் போயிருந்தது. அந்தப் பாலுக்குப் பின்னால் மாடு இருக்கிறது, மாடு தின்ற தீவனம் இருக்கிறது, அது குடித்த தண்ணீர், காய்ச்சிய ஆலை, அடைத்த உறை, அதைச் சுமந்து வந்த இதே வண்டி. புகையைக் குறைக்கிறேன் என்று நான் அதைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத் தள்ளிவிட்டிருந்தேன். ஒரு பிரிவு கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தபோது இன்னொரு பிரிவு எதனால் என்று தெரியாமல் பாலைக் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு பிளைவுட் தடுப்பு.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அக்கா, "வா" என்றாள். மாமா கூடத்தில் மேசை விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திருகாணிகளை ஒரு மூடியில் போட்டு வைத்திருந்தார்.

"அந்தப் பேப்பரை ஏன் சொல்லல மாமா?"

"எந்தப் பேப்பரு?"

"மாமா."

அவர் விசிறி இறக்கையைத் துணியால் துடைத்தார். ஒரு பக்கம் துடைத்து, திருப்பி, இன்னொரு பக்கமும் துடைத்து முடித்தார். நான் காத்திருந்தேன்.

"நீ எழுதினது ஒரு வரிம்மா. சீட்டை ஏமாத்தினது நான்."

"எப்படி?"

"குளிரை அளக்குற கம்பி, வண்டிக்குள்ள குளிர்க் காத்து வர்ற விசிறி வாயில இருக்கு. எறக்குறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி வண்டியை எழுப்பிட்டா அந்த இடத்துக் காத்து மட்டும் ஜில்லுன்னு ஆயிடும். நாலு டிகிரின்னு சீட்டு அடிச்சுடும். பெட்டி அப்படியே சூடாத்தான் இருக்கும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தரல, எல்லாருக்கும் தெரியும். பெட்டியில கை வைச்சா தெரியாதா? எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் சீட்டைக் கிழிச்சுக் குடுத்தேன்."

"எதுக்கு மாமா?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "பன்னண்டாவது வாரம்ல" என்றார்.

சமையலறை வாசலில் நின்ற அக்கா ஒரு மூச்சு விட்டாள். "அம்பத்து மூணு வயசுல. ஒரு காகித இலைக்கு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "இவருக்குத்தான் அறிவு இல்ல. நீ யோசிச்சிருக்க வேணாமாடி? அத்தனை வருஷம் இந்தக் கூடத்துல உக்காந்து லைட்டைப் போட்டுக்கிட்டு என்னத்தைப் படிச்ச?"

"அவளை ஏன் சொல்ற" என்றார் மாமா.

"பின்ன யாரைச் சொல்றது? இந்த விசிறியையா?"

ஒரு திருகாணி மூடியிலிருந்து உருண்டு விழுந்தது. மாமா குனிந்து தேடி எடுத்தார்.

"நாளைக்கு வாயைத் திறக்காத" என்றார் என்னிடம். "தலைமை ஆபீஸ் போற நேரம். எனக்கு எங்கயாவது ஒரு சின்ன வண்டி கிடைக்காமலா போயிடும்."

"யாரு குடுப்பா?" என்றாள் அக்கா. சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். மாமா அடுத்த திருகாணியை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை மேலாளரின் மேசையில் சுற்றறிக்கையையும் இரண்டு வரைபடங்களையும் வைத்தேன். அவர் மெதுவாகப் படிக்கிற மனிதர். சுற்றறிக்கையை முழுவதும் படித்து, கீழே வந்து நின்றார்.

"இதுல என் கையெழுத்தும் இருக்கே."

"ஆமா சார். ஒப்புதலுக்கு அனுப்பியிருந்தேன்."

"படிக்காமப் போட்டிருக்கேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். வரைபடங்களைப் பார்த்தார். "மத்த வண்டிங்க?"

"எல்லாக் குளிர் வண்டியும்தான் சார். பேப்பர் எல்லாருக்கும்தானே போச்சு."

"தலைமையகம் நம்ம எண்ணை வருடாந்திர அறிக்கையில அச்சடிச்சாச்சு."

"அப்ப தப்பா அச்சாயிருக்கு சார்."

"நீங்க அடுத்த மாசம் அங்க போக வேண்டியவங்க. இதை நான் மேல அனுப்பினா கூப்பிட மாட்டாங்க."

சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னலுக்குக் கீழே ஒரு வண்டி பின்னால் போகிற எச்சரிக்கை மணி விட்டு விட்டு அடித்தது. காகிதங்கள் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தன. நான் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ள அந்த அவகாசம் போதும். அதற்காகத்தான் அவர் அதைக் கொடுத்தார் என்று நினைக்கிறேன். அது அவருடைய நல்ல மனது. என் கை மடியில் இருந்தது. அந்த நாற்காலியை நான் விரும்பவில்லை என்று இப்போது சொல்வது பொய். அந்த நிமிடத்தில்தான் அதை மிகவும் விரும்பினேன்.

"சீட்டு விஷயத்துல அவர் செஞ்சது தப்புதான் சார். கேட்டா அவரே சொல்வார். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. எஞ்சினை அணைச்சதுக்காக அவரை அனுப்பாதீங்க. அணைக்கச் சொன்னது நான்."

மேலாளர் காகிதங்களை ஒன்றாக அடுக்கி, தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மாமாவுக்கு மூன்று வாரம் பணியிடை நீக்கம். சான்றிதழில் எதுவும் எழுதவில்லை. குளிரை அளக்கும் கம்பியை விசிறியிலிருந்து எடுத்துப் பெட்டிகளுக்கு நடுவில் வைத்தார்கள். மதிப்பெண் முறை நின்றது. தலைமையகத்துக்கு வேறொருவர் போனார். அச்சான அறிக்கை அச்சானபடியே இருந்தது. திருத்தம் அடுத்த வருடம் அடிக்குறிப்பில் வரும் என்று பதில் வந்தது. ஓட்டுநர்கள் என்னை மேடம் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். ரேடியோகூட.

மாமா வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலை, நானும் வண்டியில் வருகிறேன் என்றேன். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, பக்கத்து இருக்கையில் கிடந்த பையை எடுத்துப் பின்னால் போட்டார். பதினேழாம் எண் கடையின் பின்சந்துக்குள் திரும்பியபோது எங்களுக்கு முன்னால் எட்டு வண்டிகள் நின்றன. மாமா எஞ்சினை அணைக்காமல் நிறுத்தினார்.

கால் மணி நேரம். குளிரூட்டி பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. இருக்கை அதிர்ந்தது. பக்கவாட்டுக் கண்ணாடியில் எங்கள் புகை சந்தின் சுவரைத் தடவிக்கொண்டு மேலே போவதைப் பார்த்தேன். பால் கெடாமல் இருக்க இந்தப் புகை வேண்டும். புகை வேண்டாமென்றால் பால் போகும். ஐந்து மாதமாக நான் ஒரு பக்கத்தை மட்டும் அளந்துகொண்டிருந்தேன். இப்போது இரண்டு பக்கமும் தெரிகிறது, வழி தெரியவில்லை.

கதவுக் கண்ணாடியை இறக்கியபோதுதான் சந்தின் மற்ற சத்தங்கள் உள்ளே வந்தன. சத்தங்கள் என்பதைவிட, சத்தமில்லாமை. எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு வண்டிதான் உறுமிக்கொண்டிருந்தது. மற்ற ஏழும் அணைந்து நின்றன.

"முன்னாடி நிக்கிறதெல்லாம் என்ன சரக்கு மாமா?"

"சோப்பு, பேப்பரு, பிஸ்கட்டு. நாலாவதா நிக்கிறது கோழி."

"சோப்பு மதியம் வந்தா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது."

"அப்புறம் ஏன் எல்லாரும் ஒண்ணா நிக்கிறாங்க?"

"சரக்கு எறக்குற நேரம் ஆறரைன்னு சீட்டுல இருக்கும்மா. எல்லாருக்கும் ஆறரைதான்."

இறங்கி நடந்தேன். சரக்கு வாங்குகிற எழுத்தர் கடையின் பின்கதவருகே ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் ரசீதுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"கதவு ஒண்ணுதான். சத்தம் போட்டா ரெண்டாயிடாது" என்றார் நான் வாயைத் திறக்கும் முன்பே.

"சத்தம் போட வரல. குளிர் வண்டிகளை முதல்ல விடலாமே?"

"சீட்டு வரிசைப்படிதான் விடணும். மாத்தினா எனக்குத்தான் திட்டு விழும்."

"நேரம் யார் போடுறது?"

இப்போது நிமிர்ந்து பார்த்தார். என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் படித்தார். "உங்க கிடங்கு மாடியிலதான். ரெண்டு வருஷமா எழுதிப் போடுறேன், நேரத்தைப் பிரிச்சுப் போடுங்கன்னு. கிணத்துல கல்லு போட்ட மாதிரி. கல்லாவது ஒரு சத்தம் குடுக்கும்."

"யாருக்கு எழுதினீங்க?"

"எனக்கென்ன தெரியும்? மாடிக்குன்னு எழுதுவேன்."

திரும்பி வந்து வண்டியில் ஏறினேன். மாமா என்னவென்று கேட்கவில்லை. நானே சொன்னேன், நாற்பத்தொரு கடைக்கும் நேரம் போடுகிற ஆள் யார், எந்த மேசை என்று போய்க் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கே சில வாரம் ஆகலாம், அது வரைக்கும் இப்படித்தான் என்று. அவர் தலையாட்டினார்.

முன்னால் ஒரு வண்டி சரக்கு இறக்கி முடித்து வெளியேறியது. வரிசை ஒரு வண்டி நீளம் நகர்ந்து நின்றது. நின்றதும் மாமாவின் வலது கை தானாகச் சாவிக்குப் போனது. போய், அதைத் தொட்டபடி கொஞ்ச நேரம் அங்கேயே தங்கியது. பிறகு திரும்பி வந்து ஸ்டியரிங்கின் மேல் உட்கார்ந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.